தறி அறையில் வேர்த்த சுவர்

தறி அறைச் சுவரில் முதலில் கடுகு தெறித்ததுபோலத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சுவரின் கீழ்ப்பாதி முழுவதும் கரும்படலமாகிவிட்டது. தொட்டால் விரல் நனைந்தது. சுவரை ஒட்டி நின்ற பீரோவின் அடித்தட்டைத் திறந்த மருமகள், உள்ளேயிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். அரக்குப் பட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். அந்தப் புடவையை நெய்தவள் என் மனைவி. மருமகள் அதை யாரிடமும் காட்டிக் குறை சொல்லவில்லை.

தீர்ப்பு சொல்வதற்கு என் மகன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மென்பொருள் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் சென்னை, பாதி நாள் ஆரணி பக்கம் சேவூரில் எங்கள் வீட்டிலிருந்தே.

"குழிதான்பா காரணம். வீட்டுக்குள்ள தரையத் தோண்டி வெச்சிருந்தா, பூமியில இருக்கற தண்ணி செவுத்துல ஏறாம வேற எங்க போவும்?"

குழி என்று அவன் சொன்னது என் மனைவியின் தறிக்குழியை. எங்கள் ஊர்க் கைத்தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே இறக்கி மிதிகளை மிதிப்பார். மகனின் திட்டம் தெளிவாக இருந்தது: தறியில் இப்போது இருக்கும் புடவை முடிந்ததும் தறியைக் கழற்றிவிடுவது, குழியை மண் கொட்டி மூடுவது, மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டுவது. மேஸ்திரியிடம் பேசியும் வைத்துவிட்டான்.

"அம்மாவுக்கும் ரெஸ்ட்டுப்பா."

தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா நிற்கவில்லை. நாடா போய் வரும் சத்தத்துக்கு நடுவே என் மனைவி சொன்னாள்: "ரெஸ்ட்டு வேணும்னு யாரு கேட்டது? இன்னாங்க, உங்க புள்ள கிட்ட நான் எதுனா மனு குடுத்தேனா?"

மனு எதுவும் வந்ததாக என் பார்வைக்கு வரவில்லை என்றேன்.

அரசுக் கட்டடங்களைக் கட்டுவதும், கட்டியதைப் பராமரிப்பதும், பராமரிக்காததற்கு விளக்கம் எழுதுவதும்தான் பணிக்காலம் முழுவதும் என் தொழில். ஒழுகும் கூரை, வெடித்த சுவர், உப்புப் பூத்த அடித்தளம் என்று ஈரத்தின் எல்லா அவதாரங்களையும் தரிசித்திருக்கிறேன். ஒரு சுவர் நனைந்தால் அதற்கு என்ன நடைமுறை என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். முதல் விதி: காரணம் தெரியாமல் சிமெண்ட்டைத் தொடாதே. இந்த நாட்டில் எத்தனையோ சிமெண்ட் மூட்டைகள் இந்த விதியை மீறியதால்தான் விற்றுப்போயிருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட அந்தக் குழியைக் கட்டியது நான். அடியில் ஜல்லி பரப்பி, நீர் புகாத கலவை சேர்த்த கான்கிரீட் போட்டு, நான்கு பக்கமும் செங்கல் கட்டி, இரண்டு முறை பூசி, கூடவே நின்று தண்ணீர் ஊற்றி ஆறவைத்த குழி. அரசாங்கத்துக்குக் கட்டிய எதையும் நான் இவ்வளவு அக்கறையோடு கட்டியதில்லை. தெருவில் மற்ற வீடுகளில் பெருமழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, பக்கெட்டால் மொண்டு ஊற்றுவார்கள். எங்கள் குழியில் ஒரு மழைக்கும் ஊறியதில்லை. அதைப் பார்க்கவென்றே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆகவே மகனின் தீர்ப்பு என் மனைவிக்கு எதிராக மட்டுமல்ல, எனக்கு எதிராகவும் பதிவாகியிருந்தது.

ஆனால் விஷயம் என் மானம் அல்ல. பட்டு தருகிற முதலாளி போனில் அவளிடம் கேட்டிருந்தார்: இந்தப் பாவு முடியப்போகிறதே, அடுத்த பாவு அனுப்பட்டுமா? பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். அது வந்தால் தறி தொடரும், வராவிட்டால் அதோடு சரி. வழக்கமாக அவர் கேட்டு முடிப்பதற்குள் 'அனுப்புங்க' என்று சொல்லிவிடுகிறவள், இந்தத் தடவை "வீட்ல கொஞ்சம் வேல நடக்குது, சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். அவள் அப்படித் தயங்கி நான் கேட்டதில்லை. புடவையின் உடலும் கரையும் சேர்கிற கோர்வை நெசவில் ஆரணியில் அவள் கைக்கு ஒரு பெயர் உண்டு. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருந்தும், சேருமிடத்தில் விரலால் தடவினால் மேடு தட்டாது. முதலாளி தன் மகள் கல்யாணப் புடவைக்கு அவளிடம்தான் வந்தார். நான் வாங்கிய எந்தப் பதவி உயர்வுக்கும் அப்படி யாரும் வீடு தேடி வந்ததில்லை.

"மேஸ்திரி வர்ற வரைக்கும் எனக்கு நேரம் குடு," என்றேன் மகனிடம். "விசாரணை நடத்தாம தண்டனை நிறைவேத்தக் கூடாது."

"விசாரணையா? செவுரு கண்ணு முன்னாடி நனைஞ்சிகினு இருக்குதுப்பா."

"நனைஞ்சிகினு இருக்குதுதான். உள்ளேருந்தா, வெளியேருந்தா?"

அது ஒரு கேள்வியாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

மருமகள் சப்பாத்தி சுற்றிவைக்கும் அலுமினியத் தாளை வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையைவிடப் பெரிதாக வெட்டி, கரும்படலத்தைத் துடைத்துவிட்டு அங்கே ஒன்று, தெருப்பக்கச் சுவரில் ஒன்று, மனைவியைத் தறியை விட்டு எழுந்து நிற்கச் சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கி அங்கே ஒன்று என்று நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டினேன். சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்தால் தாளின் பின்பக்கம் நனையும். அறையின் காற்றிலிருந்து வந்தால் முன்பக்கம் நனையும். இவ்வளவுதான் சோதனை. இதற்கு ஆயிரக்கணக்கில் கருவி விற்கிறார்கள். நான் அதற்கும் எதிரி அல்ல, ஆனால் சப்பாத்தித் தாள் பொய் சொல்லாது.

"குழிக்குள்ள எறங்கி இன்னா தேடுறீங்க, உங்க பென்ஷன் பேப்பரா?" என்றாள் மனைவி.

"நீ எழுந்து நிக்கறதே பெரிய விஷயம், பேசாம நில்லு."

"ஜல்தியா ஏறி வாங்க, முந்தானை முடிக்கணும்."

முந்தானை என்று அவள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. முந்தானை முடிந்தால் புடவை முடிந்தது.

மறுநாள் சாயந்திரம் எல்லோரையும் கூப்பிட்டுத் தாள்களைப் பார்வையிடச் செய்தேன். குழிக்குள் ஒட்டியது முன்னும் பின்னும் உலர்ந்திருந்தது. தெருப்பக்கச் சுவரில் இருந்ததும் அப்படியே. கரும்படலச் சுவரில் இருந்த தாளின் முன்பக்கம், ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம்போல முத்து முத்தாக வேர்த்திருந்தது. டேப்பை உரித்துக் காட்டினேன். பின்பக்கம் காய்ந்து கிடந்தது.

"பாத்துக்கோ. பூமித் தண்ணி ஏறல. இந்த ரூம் காத்துல இருக்கற ஆவி, இந்த ஒரு செவுத்துல மட்டும் வந்து தண்ணியா படியுது. குழி நிரபராதி."

"அது ஏன் இந்தச் செவுத்துல மட்டும்?" என்றான் மகன். நல்ல கேள்வி. என் மகன் என்பதை அவ்வப்போது நிரூபித்துவிடுவான்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். மருமகள்தான் முதலில் சிரித்தாள். அந்தப் பக்கம் இருப்பது என் மகனின் ஆபீஸ் ரூம். நான் கட்டியபோது இரண்டும் சேர்ந்து ஒரே கூடம். கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல், காற்று நேராகக் குறுக்கே போகும். வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாடு வந்தபோது, அவன் வசதிக்காகக் கூடத்தின் நடுவில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பினோம். கிழக்கு ஜன்னல் அவன் பக்கம் போயிற்று. அவன் அதை இறுக அடைத்து ஏசி மாட்டிக்கொண்டான். ஏசியின் காற்று நேராக வந்து மோதுவது இந்த ஒல்லிச் சுவரில்.

"எத்தனையில வெக்கிற?" என்றேன்.

"பதினெட்டு," என்றாள் மருமகள் அவனுக்கு முன்னால். "அப்பதான் லேப்டாப் சூடாவாதாம் மாமா. எனக்கு ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்திருக்காரு."

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருந்தேன். பொடவதான் பூசணம் புடிச்சிது."

மகன் ஒப்புக்கொள்ளவில்லை. அது நியாயம்தான், ஒரு தாள் போதாது. ஏசியை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தோம். மற்றது எதையும் மாற்றவில்லை. சுவர் மாலைக்குள் உலர்ந்தது. மழை கொஞ்சம் விட்டிருக்கும், அதனால் உலர்ந்திருக்கும் என்றான். மறுபடி ஓட்டச் சொன்னேன். மத்தியானத்துக்குள் சுவர் வேர்த்து, ஒரு சொட்டு என் கண் முன்னாலேயே கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. ஒரு முறை நடந்தால் தற்செயல் என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். இது அந்த வகை அல்ல.

இந்த இடத்தில் என் மனைவி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "அப்போ முடிஞ்சிதில்ல? ஏசிய கழட்டி எறக்குங்க. நாலு நாளா என் தறிய போட்டு பேஜார் பண்ணிகினு."

விசாரணை முடியவில்லை என்றேன். இரண்டு தரப்பும் என்னை ஒரே மாதிரி முறைத்தது. பணியில் இருந்த காலத்தில் இதற்குப் பெயர் நடுநிலை.

குளிர்ந்த சுவர் பாதிக் காரணம்தான். அந்தச் சுவரில் படிவதற்கு இவ்வளவு ஆவி இந்த அறையில் ஏன் தங்கியிருக்கிறது? ஆவி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே: பக்கத்துச் சமையலறையில் குக்கர், மழைக்கு வெளியே காய முடியாமல் தறி அறைக் கொடியில் தொங்கும் துணிகள், நான்கு பேரின் மூச்சு. அது வெளியே போக வழி இருந்தால் போயிருக்கும். மேற்கு ஜன்னலுக்கு மேல் இரண்டு வென்டிலேட்டர் வைத்திருந்தேனே, அவை என்ன ஆயிற்று?

ஏணி போட்டு ஏறினேன். மகன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். வென்டிலேட்டர் இருந்த இடத்தில் வென்டிலேட்டர் இல்லை. பழைய டிசைன் அட்டைகள் இருந்தன. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாலைபோலக் கோத்து மாட்டும் அட்டைகள் அவை. எந்த நூல் எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று துளைகளால் சொல்லும். மாங்காயும் மயிலும் கரையில் விழுவது இவற்றால்தான். டிசைன் பழசாகிவிட்டால் அட்டையை யாரும் எறிவதில்லை. எங்கள் தெருவில் அது பால் கணக்கு எழுத, அடுப்பு விசிற, கட்டில் கால் ஆட்டம் நிற்க என்று எல்லாவற்றுக்கும் உதவும். என் மனைவி வென்டிலேட்டர்களை அடைக்க உதவவைத்திருந்தாள். கட்டுக்கட்டாக, ஓரத்தில் நூல் கழிவு திணித்து, தொழில் தெரிந்தவர் அடைத்த மாதிரி அடைப்பு.

ஏணியிலிருந்தபடியே கேட்டேன்: "இது யாரு வேல?"

"சித்திரையில வெச்சது," என்றாள், குரலில் தளர்வே இல்லாமல். "அனல் காத்து அடிச்சிகினே இருந்துது. பட்டு காஞ்சி பட்டு பட்டுனு அறுந்துச்சி. வெக்காம இன்னா பண்ணுவாங்க?"

"சித்திரைக்கு வெச்சது சரி. இப்ப இன்னா மாசம்?"

"எடுக்கணும்னுதான் நெனச்சிகினு இருந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, ஏணி ஏறுனா எனக்குத் தல சுத்தும்."

"வெக்கும்போது சுத்தல?"

மகன் சிரிப்பை அடக்கியதில் ஏணி ஆடியது. அவள் விடவில்லை.

"அட்டைலதான் அம்மாம் ஓட்ட கீதே. காத்து போவணும்னா அது வழியா போவட்டுமே!"

"ஒரு அட்டை ஓட்டைக்கு நேரா அடுத்த அட்டை ஓட்டை இருக்குமா? இருந்தா உனக்கு டிசைனே விழாதே."

நெசவு சம்பந்தப்பட்ட ஒரு வாதத்தில் அவளை நான் வென்றது அது ஒன்றுதான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அட்டைகளை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. காற்று உள்ளே வர மேற்கே வழி கிடைத்தது. வெளியே போகக் கிழக்கே வழி இல்லை, சுவர் மறித்திருக்கிறது. தெற்குச் சுவரில், கூரையை ஒட்டி இரண்டு புதிய திறப்பு வைத்தால் போய்விடும். ஆனால் காற்று என்றாலே அவளுக்குப் பயம். பாவின் மேல் காற்று அடித்தால் மெல்லிய நூல் உலரும், அறுபடும். அறுந்த ஒவ்வொரு இழையையும் தேடி முடிச்சுப் போட வேண்டும். அந்தப் பயம் பொய்யல்ல.

மறுநாள் காலை மேஸ்திரி வந்துவிட்டார். குட்டி யானை வண்டியில் மண்ணும் உடைகல்லும் வாசலில் கொட்டியாகிவிட்டது. அவர் உள்ளே வந்து தறியைப் பார்த்தார், பாதி நெய்த முந்தானையின் ஜரிகை முன்னால் பளபளக்க உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், குழிய மூடணும்னு தம்பி சொன்னாரு."

"வேலை மாறிடுச்சு மேஸ்திரி. தெற்குச் செவுத்துல ரெண்டு ஓட்ட போடணும்."

"மூடற வேலையா, தொறக்கற வேலையா? ஒண்ணு சொல்லுங்க சார், ஆளுங்க வெளிய நனைஞ்சிகினு நிக்கறாங்க."

எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். வேலையைக் கொடுத்தவன் அவன். அவன் தாயைப் பார்த்தான். அவள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வீசாமல் இருந்தாள். அந்த அறையில் நாடா சும்மா இருந்து நான் பார்த்தது அபூர்வம்.

"அம்மா, ஓட்ட போட்டா உன் நூல் அறுந்துதுன்னா?"

"பாவு மேல காத்து படக்கூடாது. படலன்னா எனக்கு ஒரு சண்டையும் இல்ல."

அதற்கும் நடைமுறை உண்டு. திறப்புகளை ஜக்கார்டு பெட்டியின் தலைக்கு மேலே, மேற்கு வென்டிலேட்டர்களின் மட்டத்தில் வைக்கச் சொன்னேன். கூரையைப் பதினொரு அடிக்கு உயர்த்திக் கட்டியபோது பணத்தைக் கொட்டுகிறேன் என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த உயரம் இப்போது வேலைக்கு வந்தது. தறியைப் பழைய வேட்டிகளால் மூடிவிட்டு மேஸ்திரி உளி போட்டார். தூசி அடங்கியதும் வேட்டிகளை எடுத்து, ஊதுவத்தியைக் கொளுத்தி மகன் கையில் கொடுத்தேன். பாவின் நீளத்துக்குப் பக்கவாட்டில் மெல்ல நடக்கச் சொன்னேன். நூல் மட்டத்தில் புகை நேராக எழுந்தது, அசையவில்லை. ஏணியில் ஏறி உயர்த்திப் பிடித்தான். புகை சட்டென்று வளைந்து, மேற்கிலிருந்து தெற்குக்கு ஒரு நூல் இழுத்தமாதிரி ஓடித் திறப்பு வழியாக வெளியே போனது.

"பூஜ பண்ணிகினு கீறான் பாரு, தறிக்கு," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு நாடாவை வீசினாள்.

மகனும் தன் பங்கைச் செய்தான், அதையும் சொல்ல வேண்டும். ஏசி இருபத்தாறுக்கு ஏறியது. அதன் வாய் சுவரை விட்டுத் திரும்பியது. சமையலறையில் புகை இழுக்கும் ஃபேன் மாட்டினான். துணிக்கொடியை மருமகள் மாடிப்படி ஷெட்டுக்கு மாற்றினாள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். கல்யாணப் புடவையை என் மனைவி நிழலில் காயப்போட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு புள்ளியாக எடுத்தாள். ஒன்றிரண்டு தழும்பு நின்றுவிட்டது. மருமகள் பரவாயில்லை என்றாள். என் மனைவிக்குப் பரவாயில்லை அல்ல என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அந்த வாரம் மழை விடவே இல்லை. அது என் அதிர்ஷ்டம். வெயில் அடித்திருந்தால் வெயிலுக்குத்தான் பெயர் போயிருக்கும். மகன் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். முதல் நாள் வெறும் குளிர்ச்சி. பிறகு குளிர்ச்சியும் இல்லை. ஒரு தடவை கையை எடுத்து, காய்ந்த விரல்களைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். நான் எழுதிய எத்தனையோ நீண்ட அறிக்கைகளுக்கு ஒற்றைச் சொல்லில் ஒப்புதல் கிடைத்ததில்லை.

தெருவில் சேதி பரவி, தறி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் சிலர் வந்து தலையை அண்ணாந்து திறப்புகளைப் பார்த்தார்கள். என் மனைவி விளக்கம் சொன்னாள். ஆவி, குளிர்ந்த சுவர், காற்று மேலே போக வேண்டும் என்று என் வாசகங்களையே என்னைவிட நன்றாகச் சொன்னாள். யாரோ, "இதெல்லாம் யாரு கண்டுபுடிச்சதுக்கா?" என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரருதான். கவருமெண்டுக்கு இம்மாம் வருஷம் பாத்துட்டு, இப்பதான் வீட்டு வேலைக்கு வந்து கீறாரு."

அட்டைகளைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வென்டிலேட்டர் ஞாபகம் வந்தவர்கள்போல வேகமாகத்தான் நடந்தார்கள்.

புடவை முடிந்த அன்று அவள் அதைத் தறியிலிருந்து அறுத்து எடுத்து மடித்தாள். கத்தரிப்பூ உடல், மாம்பழக் கரை. சேருமிடத்தைத் தடவிப் பார்த்தேன், கையில் மேடு தட்டவில்லை. தறியில் பழைய பாவின் முனைகள் மட்டும் மிஞ்சித் தொங்கின. புதுப் பாவு வந்தால் ஒவ்வொரு இழையாக இவற்றோடு பிணைக்க வேண்டும். வராவிட்டால் கத்தரித்துவிடலாம்.

அவள் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், காதில் வைத்தால் கேட்காதாம்.

"வீட்ல வேல முடிஞ்சிதாம்மா?" என்றது குரல்.

"முடிஞ்சிது. பச்ச பாவு அனுப்புங்க. அதுக்கு அடுத்ததும் சேத்து எடுத்து வெச்சிடுங்க, அப்புறம் இல்லன்னு சொல்லிடப் போறீங்க."

இரண்டு பாவு என்றால் பொங்கல் தாண்டியும் தறி ஓடும். ஆபீஸ் ரூம் கதவு திறந்துதான் இருந்தது. மகன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.